நிழல் விழும் திசை: மதுரைப் பக்கத்து நவீன வீடுகளைப் படமெடுத்த நாட்குறிப்பு

திங்கள், சொக்கிகுளம்

வைகையின் வடகரையில், தமுக்கத்தைத் தாண்டிச் சொக்கிகுளம், பீபிகுளம், நரிமேடு என்று விரியும் தெருக்களில், 1950-களுக்கும் 1970-களுக்கும் இடையில் கட்டப்பட்ட வீடுகள் சில இன்னும் இடிபடாமல் மிஞ்சியிருக்கின்றன. தட்டையான கான்கிரீட் கூரை, பூவேலைப்பாடு எதுவும் இல்லாத சுவர், மூலையைச் சுற்றி வளைந்து ஓடும் சன்ஷேட், மாடிப்படிக்குக் காற்று விடும் ஜாலி (துளைகள் உள்ள தடுப்புச் சுவர்), மொசைக் தரை, மெல்லிய இரும்புக் குழாய்களின் மேல் நிற்கும் போர்ட்டிகோ ஆகியவற்றைக் கொண்டு அந்தக் காலத்து வீட்டைத் தெருமுனையிலிருந்தே இனம் காண முடியும். பெரும்பாலானவை ஊர்ப் பொறியாளர்கள் வரைந்தவை. கட்டடக்கலை நூல்களில் இவற்றுக்கு இடம் கிடைத்ததில்லை. மதுரைக்குக் கேமராவோடு வருபவர்கள் கோபுரத்தையும் நாயக்கர் மகாலையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால், இந்த வீடுகளுக்குப் படமும் இல்லை. இவற்றையும், ஊருக்கு வெளியே அண்மைக் காலத்தில் எழுந்த சில வீடுகளையும், அவை நிற்கும் நிலத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

இன்று எடுத்தது 1960-களில் கட்டப்பட்ட, தெற்குப் பார்த்த மூலை வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே தனியாக வசிக்கிறார். காலை ஒளியில் எடுத்து முடித்துவிட்டு நான் போய்விடுவேன் என்று அவர் எண்ணியிருந்தார். நண்பகல் வரை காத்திருக்கப் போகிறேன் என்றதும், "உச்சி வெயில்ல யாரு தம்பி போட்டோ எடுப்பா? மண்டை காஞ்சு போயிரும், உள்ள வந்து உக்காருங்க" என்று கடிந்துகொண்டார்.

காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. தை மாத நடுவில் சூரியன் இங்கே உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு அன்று, பன்னிரண்டரையை ஒட்டித்தான். அப்போது அது தெற்கு வானில் சுமார் 62 பாகை உயரத்தில் நிற்கும். அந்தக் கோணத்தில், தெற்குச் சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீளும் சன்ஷேட், தனக்குக் கீழே ஏறத்தாழ மூன்றேமுக்கால் அடிக்கு நிழலை இறக்கும். இந்த வீட்டின் சன்னல்கள் நாலடிக்குச் சற்றுக் குறைவான உயரம் உள்ளவை. பன்னிரண்டரை மணிக்கு நிழலின் விளிம்பு சன்னல் கட்டையின் மேல் வந்து, வரைபலகையில் கோடு இழுத்ததைப் போல நின்றது. இந்த வீட்டை வரைந்தவர் சூரியனின் பாதையை அறிந்து வரைந்தார் என்பதற்கு அந்தக் கோட்டைவிட வேறு சான்று தேவையில்லை. காலை ஏழு மணியின் பொன்னிற ஒளியில் அதே வீடு அழகாக இருந்தது. ஆனால் அந்தச் சன்ஷேட் எதற்காக இருக்கிறது என்பதைக் காலைப் படம் சொல்லவில்லை.

நவீன வீட்டைப் படமெடுப்பது என்றால் உலகம் முழுவதும் ஒரே வகைப் படம்தான் மனத்தில் எழுகிறது. கலிபோர்னியாவின் கட்டடப் புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் அதற்கு முதன்மையான காரணம். பாலைவன நகரமான பாம் ஸ்பிரிங்ஸில் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்து 1946-இல் முடித்த காஃப்மன் இல்லத்தை, 1947-இல் அந்தி வெளிச்சத்தில் ஷுல்மன் எடுத்த படம் எல்லோரும் அறிந்தது: தாழ்ந்த கூரை, ஒளிரும் கண்ணாடி, நீச்சல் குளம், பின்னால் கருத்த மலைத்தொடர். ஒரே பிரேமில் ஷட்டரைப் பல முறை திறந்து மூடி, மங்கும் வானத்தையும் வீட்டின் விளக்குகளையும் முக்கால் மணி நேரம் சேர்த்துச் சேர்த்துப் பதிவு செய்தார். முன்புறத்தில் தரை வெறுமையாகத் தெரிந்தால், வெட்டிய மரக்கிளைகளைக் கொண்டுவந்து லென்ஸுக்கு முன் பிடிக்கச் செய்வதும் அவருடைய வழக்கமாக இருந்தது. அவருடைய கைத்திறனில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் வகுத்த இலக்கணத்தில் நிலம் என்பது வீட்டிலிருந்து பார்ப்பதற்கான காட்சி. மதுரையில் வீடு நிலத்தோடு கொள்ளும் உறவு முதலில் வெயில், காற்று, தண்ணீர் ஆகியவற்றின் வழியாக ஏற்படுகிறது; பார்வை அதற்குப் பிறகே வருகிறது. அதைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்த வாரம் முழுவதும் என் முன் நிற்கும் கேள்வி.

மாடிப்படியின் மேற்குச் சுவரில் உள்ள ஜாலியை மாலையில் உள்ளேயிருந்து எடுத்தேன். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது படியில் உட்கார்ந்தே தூங்கிவிடலாம் என்றார் ஆசிரியை. அந்தக் காற்று வரும் திசையில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்துவிட்டது. ஜாலியின் துளைகளுக்கு அப்பால் அதன் சுவர் தெரியுமாறே படத்தை அமைத்தேன்.

செவ்வாய், கொச்சடை

இன்று எடுத்தது வீடு அன்று. மேலக்கால் சாலையில், ஆலை அதிகாரிகளுக்கான மதுரை கிளப்பாக இருந்து இப்போது விடுதியாக இயங்கும் வளாகம் அது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் இதற்காகப் பணியாற்றினார் என்பது மதுரைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. கொழும்பில் 1919-இல் பிறந்த பாவா முதலில் வழக்கறிஞர். 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க என்ற கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் தன் விருப்பப்படி மாற்றி அமைக்க முயன்றபோதுதான் தமக்குக் கட்டடக்கலை தெரிய வேண்டும் என்று உணர்ந்து, லண்டனுக்குச் சென்று படித்து, 1957-இல் 38-ஆம் வயதில் கட்டடக் கலைஞரானார். நிலத்திலிருந்து கட்டடத்துக்கு வந்தவர் என்பதால், அவருடைய கட்டடங்களை நிலத்திலிருந்து பிரித்துப் படமெடுப்பது கடினம்.

முகப்பு என்று ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கு நேராக ட்ரைபாடை நிறுத்தி, செங்குத்துக் கோடுகளை நேராக்கி எடுக்கும் பழக்கம் இங்கே பயன்படவில்லை. பெரிய மரங்கள் முன்னே நிற்கின்றன. கூரை தாழ்ந்து அவற்றின் கீழ் போய்விடுகிறது. நல்ல வெயிலில் மர நிழலுக்கும் திறந்த புல்வெளிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு மிகப் பெரியது. ஒன்றுக்கு அளவு வைத்தால் மற்றொன்று வெளுத்துவிடும் அல்லது கருகிவிடும். ஒரே படத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க முயல்வதை விட்டுவிட்டு, நடந்துபோகும் வழியில் சில அடிகளுக்கு ஒரு படமாக எடுத்தேன்: வெளிச்சம், இருள், மறுபடி வெளிச்சம். ஒவ்வொரு படமும் தனியே அரைகுறையாகத்தான் இருக்கிறது. வரிசையாக வைத்துப் பார்க்கும்போது மட்டும் இடம் புலப்படுகிறது. தம்புள்ளைக்கு அருகே 1994-இல் முடிந்த அவருடைய கந்தளம விடுதியைத் தொடக்கத்தில் எடுத்த படங்களில் கான்கிரீட் சட்டங்கள் பாறையை ஒட்டி அப்பட்டமாகத் தெரியும். இப்போதைய படங்களில் கொடிகள் மூடி, கட்டடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பாவாவின் கட்டடத்தைப் படமெடுக்க ஏற்ற காலம், அது கட்டி முடித்து இருபது முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகுதான் என்று நினைக்கிறேன்.

புதன், கீழக்குயில்குடி

சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக்குளம், ஐயனார் கோயில், ஆலமரங்கள் ஆகியவற்றைப் பார்க்க வருபவர்கள் மிகுதி. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நான் வந்தது, மலையிலிருந்து சற்றுத் தள்ளி, சில ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கான்கிரீட் வீடு ஒன்றுக்காக. பூச்சு இல்லாத கான்கிரீட். பலகை அடித்த தடம் சுவரில் அப்படியே இருக்கிறது. கூடத்தின் மேற்குச் சுவர் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அதற்கு நேரே மலை.

கண்ணாடிச் சுவர் வழியாக நிலத்தை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது நவீன வீட்டின் பழைய கனவு. இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் மீஸ் வான் டெர் ரோ 1951-இல் முடித்த ஃபார்ன்ஸ்வர்த் இல்லத்தில் நான்கு பக்கமும் கண்ணாடிதான். ஆற்று வெள்ளத்துக்காக அதைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தியும், வெள்ளம் உள்ளே புகுந்ததுண்டு. அங்கே நிலம் தண்ணீராக வந்து வீட்டுக்குள் நுழைந்தது. கீழக்குயில்குடியில் அது வெப்பமாக நுழைகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு நான் உள்ளே போனபோது, அந்த அகன்ற கண்ணாடி முழுவதையும் மூங்கில் தட்டி மூடியிருந்தது. கூடத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"மலையைப் பாக்கணும்னுதான் கண்ணாடி வச்சோம். மத்தியானம் மலை எங்க தெரியுது, அனல்தான் தெரியுது" என்றார் வீட்டுக்கார அம்மா, சிரித்துக்கொண்டே. "நீங்க படம் எடுக்கணும்னா தட்டியைச் சுருட்டிர்றேன் சார், அஞ்சு நிமிசம் தாங்கும்."

வேண்டாம் என்றேன். கட்டடக் கலைஞர்களின் பக்கங்களில் இந்த வீட்டின் படங்களை முன்பே பார்த்திருக்கிறேன். எதிலும் தட்டி இல்லை. இந்த வகைப் படங்களில் துணி காயும் கொடியும் இருப்பதில்லை, செருப்பும் இருப்பதில்லை, தண்ணீர்க் கேனும் இருப்பதில்லை. அவற்றை அகற்றுவது பெரிய பிழை என்று நான் வாதிட மாட்டேன். விருந்தாளி வரும்போது நாமும் வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம். ஆனால் தட்டி அந்த வகைப்பட்டதன்று. வரைபடத்தில் விடுபட்டதைக் குடியிருப்பவர்கள் தங்கள் செலவில் சேர்த்துக்கொண்ட கட்டடப் பகுதி அது. அதை எடுத்துவிட்டால், மேற்கு வெயிலும் இந்த வீடும் ஒன்றோடொன்று எப்படி உடன்பட்டன என்ற செய்தியே படத்திலிருந்து போய்விடும்.

ஆகவே ட்ரைபாடை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, அசைக்காமல் மாலை வரை இருந்தேன். இரண்டு மணிப் படத்தில் தட்டியின் இடுக்குகள் வழியாக ஒளிக்கீற்றுகள் தரையில் கோடு கோடாக விழுகின்றன, மலை இல்லை. ஐந்து மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும், அந்த அம்மா கேட்காமலேயே வந்து தட்டியைச் சுருட்டினார். மலையின் நிழல் முற்றத்தைக் கடந்து வீட்டின் மேல் ஏறியிருந்தது. பாறை நிழலில் இருந்ததால், உள்ளே உள்ள ஒளிக்கும் வெளியே உள்ள ஒளிக்கும் வேறுபாடு குறைந்து, ஒரே எக்ஸ்போஷரில் (ஒரே ஒளி அளவில்) இரண்டும் பதிந்தன. மூன்றாவது படம் விளக்கேற்றும் நேரத்தில் எடுத்தது. சூரியன் மறைந்தபின் இங்கே அந்தி ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். அந்த இடைவெளியில் வானத்தின் நீலமும் கூடத்து விளக்கின் மஞ்சளும் சமமாகும் தருணம் மிகச் சிறியது.

பல எக்ஸ்போஷர்களைக் கணினியில் இணைத்தால் நண்பகலிலும் உள்ளும் புறமும் தெளிவாகத் தெரியும் படத்தை உண்டாக்கலாம் என்பது உண்மைதான். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. சன்னலுக்கு வெளியே சுவரொட்டி ஒட்டினாற்போல மலை நிற்கும். அந்த வெயிலில் கண் கூசுவதே உண்மை என்னும்போது, கூசாத படம் எதைக் காட்டுகிறது? மூன்று படங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகவே வெளியிடப் போகிறேன்.

வியாழன், அரிட்டாபட்டி

வீடு எதுவும் எடுக்கவில்லை. மேலூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டைப் பார்க்கப் போனேன். வெளியே புதிதாகப் பளபளக்கும் பேனல் அடித்திருந்தார்கள். திரும்பும் வழியில் அரிட்டாபட்டியில் இறங்கினேன். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குன்றுகளுக்கு நடுவே, பாறையைக் குடைந்து செய்த பாண்டியர் காலச் சிவன் கோயில் இருக்கிறது. கட்டடமும் நிலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நவீனர்கள் பேசியதன் கடைசி எல்லை இதுதான்: இங்கே எதுவும் சேர்க்கப்படவில்லை, கல்லிலிருந்து எடுக்கப்பட்டது மட்டுமே. ஆனால் குடைவரைக்குள் குடியிருக்க முடியாது. மழை மேகம் சூழ்ந்ததால் கேமராவைப் பையில் வைத்துவிட்டேன்.

வெள்ளியும் சனியும், திருமோகூர்

ஒத்தக்கடையிலிருந்து திருமோகூர் செல்லும் சாலையில், வயல்களுக்கு நடுவே, கண்மாய்க்கு எதிர்ப்புறத்து மேட்டில் ஒரு செங்கல் வீடு. பின்னால் யானைமலை. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்பதால் இரண்டு நாட்களை ஒதுக்கினேன்.

வீட்டில் பூச்சுவேலை இல்லை. செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல், பக்கவாட்டில் நிமிர்த்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் டிராப் பாண்ட் முறையில் சுவர்கள் எழுந்திருக்கின்றன. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரைவிட இதற்குக் கால் பங்கு செங்கல் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. பர்மிங்காமில் 1917-இல் பிறந்து திருவனந்தபுரத்தில் 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் இதைப் பரப்பியபின், தென்மாவட்டங்களிலும் சிலர் இப்படிக் கட்டத் தொடங்கினார்கள். கூரையும் அவர் வழியில்தான்: கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடுகளை அடுக்கி, சிமெண்டையும் எடையையும் குறைத்த ஃபில்லர் ஸ்லாப். வீடு தாழ்வானது. அதைக் கட்டிய விவசாயக் குடும்பம் தாத்தா காலத்துக் களத்துமேட்டைத் தேர்ந்தெடுத்ததால், கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் ஆண்டுகளிலும் தண்ணீர் வாசலுக்கு வருவதில்லை. நிலத்தை அறிந்து கட்டுவது என்பதற்கு இதைவிட முதன்மையான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கண்மாய்க்குள்ளேயே மனை போட்டு விற்கும் இந்தக் காலத்தில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இங்கே எழுந்த சிக்கல் முழுவதும் தொலைவைப் பற்றியது. வாசலுக்கு எதிரே, சில மீட்டர் தள்ளி, செங்குத்துக் கோடுகள் சாயாமல் எடுக்க உதவும் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸால் எடுத்தால் வீடு பிரேமை நிறைக்கிறது. யானைமலை கூரைக்கு மேல் ஒரு சிறு திட்டாகச் சுருங்கிவிடுகிறது. அதே வீட்டை, வயலைக் கடந்து எதிரே உள்ள கண்மாய்க் கரைமேல் ஏறி நின்று 135 மி.மீ. லென்ஸால் எடுத்தால், வீட்டின் அளவு முன்போலவே இருக்கிறது. மலையோ பின்னால் எழுந்து வானத்தில் பாதியை அடைத்துக்கொள்கிறது. பலர் இதை லென்ஸின் மாயம் என்பார்கள். உண்மையில் லென்ஸ் எதையும் மாற்றுவதில்லை. நிற்கும் இடம்தான் மாற்றுகிறது. வீட்டிலிருந்து விலக விலக, வீடு விரைவாகச் சிறுத்துவிடுகிறது. மலை ஏற்கனவே வெகு தொலைவில் இருப்பதால், நாம் சில பத்து மீட்டர் பின்வாங்குவது அதன் தோற்றத்தை அதிகம் பாதிப்பதில்லை. ஆகவே வீடு பெரிதா மலை பெரிதா என்பதைப் படமெடுப்பவரின் கால்களே முடிவு செய்கின்றன.

சனிக்கிழமை விடியலில் கரைமேல் இருந்தேன். ஆறரை மணி தாண்டி எழுந்த சூரியன் எனக்குப் பின்னால் வலப்புறம் இருந்ததால், மலையின் முகம் முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. செங்கல் வீட்டின் நிறமும் பாறையின் நிறமும் சில நிமிடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் தம் கூட்டத்தை இறக்கிவிட்டிருந்தார். நடுவே மின்கம்பி ஒன்று குறுக்கே போகிறது. கணினியில் அதை அழிக்க ஒரு நிமிடம் போதும், அழிக்கவில்லை. அந்தக் கம்பிதான் அந்த வீட்டின் கிணற்று மோட்டாரை ஓட்டுகிறது.

கேமராத் திரையில் அந்தப் படத்தைக் காட்டியபோது, வீட்டுக்காரர் வெகு நேரம் உற்றுப் பார்த்தார். "இது கம்மாய்க்கரையில நின்னு பாக்கிறவனுக்குத் தெரியற வீடு தம்பி. நாங்க இப்படி ஒருநாளும் பாத்ததில்லையே" என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னோடு நாள் முழுவதும் வந்தது. பென்சில்வேனியாவில் பேர் ரன் ஓடையின் அருவிமேல் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய ஃபாலிங்வாட்டர் இல்லத்தை உலகம் அறிந்திருப்பது, ஓடையின் கீழ்ப்பகுதியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் ஒரே கோணத்தில்தான். அருவியைப் பார்த்தபடி வீடு அமையும் என்று எதிர்பார்த்த உரிமையாளருக்கு, அருவியின் மேலேயே வீட்டை அமைத்துக் கொடுத்தார் ரைட். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அருவியின் ஓசைதான் கிடைத்தது. அந்தப் புகழ்பெற்ற காட்சி கிடைத்தது வெளியே நின்ற புகைப்படக்காரர்களுக்கு. அந்த உரிமையாளரும் பாம் ஸ்பிரிங்ஸில் நியூட்ராவிடம் வீடு கட்டச் சொன்னவரும் ஒருவரே, பிட்ஸ்பர்க் வணிகர் எட்கர் காஃப்மன்.

திருமோகூர் வீட்டுக்காரர்கள் தினமும் பார்ப்பது என்ன என்று கேட்டு, அதையும் எடுத்தேன். பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், மாட்டுக்கொட்டகைக் கூரைக்கும் முருங்கை மரத்துக்கும் இடையில் யானைமலையின் ஒரு துண்டு தெரிகிறது. அவ்வளவுதான். 50 மி.மீ. லென்ஸ், உட்கார்ந்த கண்ணின் உயரம். கரைமேல் எடுத்த படம் அதைவிட அழகானது, அதில் ஐயமில்லை. ஆனால் இந்த இரண்டையும் அருகருகே அச்சிடாமல் கரைப் படத்தை மட்டும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஞாயிறு, டி.வி.எஸ். நகர்

கடைசி வீடு 1970-களைச் சேர்ந்தது. மாடியோடு கூடிய, வடக்குப் பார்த்த வீடு. அந்தக் காலத்தில் மொட்டை மாடியில் ஏறினால் தென்மேற்கே திருப்பரங்குன்றமும் வடகிழக்கே மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்களும் தெரியும் என்றார் வீட்டுப் பெரியவர். குன்றம் இப்போது அடுக்குமாடிகளுக்குப் பின்னால் போய்விட்டது. கோபுரங்கள் மட்டும் தப்பின. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக் கூடாது என்ற விதி அவற்றின் அருகே உள்ள வானத்தையாவது காத்துவைத்திருக்கிறது. மாடியின் தட்டோடுகள் மேல் தொட்டிச் செடிகளும் வடகம் காயும் துணியும் இருந்தன. இந்த வீட்டைப் பொறுத்தவரை நிலக்காட்சி என்பது இந்த மாடிதான் என்று தோன்றியதால், தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறிக் கீழ்நோக்கி எடுத்தேன்.

முகப்பை எடுக்க முடியவில்லை. வடக்குப் பார்த்த சுவரில் தை மாத வெயில் ஒரு வேளையும் விழுவதில்லை. சன்ஷேட்டுகளும் செங்குத்துத் தடுப்புகளும் நிழலே இல்லாமல் தட்டையாகக் கிடந்தன. மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுவில். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன் பின்பாதியில் வடக்குச் சுவருக்கு அதிக வெயில் கிடைக்கும். அந்தத் தடுப்புகள் எதற்காக வைக்கப்பட்டன என்பது அப்போதுதான் விளங்கும். ஆனி மாதம் மறுபடி வருகிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன்.

"ஆனின்னா மொதப் பத்து நாளுக்குள்ள வந்துருங்க" என்றார் அவர். "அதுக்கப்புறம் பேத்தி கல்யாணத்துக்குச் சாரம் கட்டி வெள்ளையடிக்கப் போறோம். பேரன் பச்சை கலர்ங்கிறான். நான் இன்னும் சரின்னு சொல்லல."